ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி?

எங்கள் அம்மா கணக்கில் ஆஸ்பத்திரி மூன்று வகை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திறக்கிற கிளினிக்குக்குப் பெயர் ‘ஊசி போடுற டாக்டரு’. கோயமுத்தூரில் இருப்பது ‘பெரியாஸ்பத்திரி’. அங்கே போகிறோம் என்றால் வீட்டில் யாருக்கோ ரொம்பவும் முடியவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில், ஊருக்குள் நுழையும் முன்பே வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது. அது ‘கவர்மெண்டு ஆஸ்பத்திரி’. நாய் கடித்தால் அங்கே போவார்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவார்கள். மற்றபடி அது எதற்கு இருக்கிறது என்று அம்மாவுக்கு அறுபது வயது வரை தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. போர்டில் ‘அரசு ஆரம்ப சுகாதார நிலையம்’ என்று எழுதியிருக்கும். அந்த ‘ஆரம்ப’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, ஆரம்பப் பள்ளிக்கூடம் மாதிரி இது ஏதோ கீழ் வகுப்பு ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு பி.பி. வந்த பிறகு மாதாமாதம் அங்கே போக வேண்டியதாயிற்று. வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். ‘ஆரம்ப’ என்றால் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம். வெள்ளைக்காரன் காலத்தில், 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். நாட்டின் ஆஸ்பத்திரிகள் எப்படி இருக்க வேண்டும் என்று அது 1946இல் அறிக்கை கொடுத்தது. நோய் வந்தால் மருந்து கொடுப்பதையும், நோய் வராமல் பார்த்துக்கொள்வதையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதுவும் கிராமத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான யோசனை. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது இந்த நிலையங்களும் வரத் தொடங்கின.

இதில் ஒரு கணக்கு உண்டு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. தாளவாடி, பர்கூர், வால்பாறைப் பக்கம் ஆட்கள் குறைவு, நடை அதிகம் என்பதால் அந்தச் சலுகை. அதற்கும் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ‘நர்ஸம்மா இருக்கிற இடம்’ என்று ஊரில் சொல்வது அதைத்தான். வட்டாரத்துக்கு ஒன்றாக, முப்பது படுக்கையோடு இருப்பது மேம்படுத்தப்பட்ட நிலையம்.

இந்த 30,000 பேர் கணக்குதான் விஷயத்தின் சாவி. தனியார் கிளினிக்குக்கு நோயாளி வந்தால்தான் வேலை. ஊர் ஆஸ்பத்திரிக்கு அப்படி இல்லை. அந்த 30,000 பேரில் சீக்கு வந்தவர்கள், வராதவர்கள், வர மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அதன் பொறுப்பு. உங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரையும், தண்ணீர் தேங்கிய ஆட்டுக்கல்லையும் ஒருவர் வந்து கவிழ்த்துவிட்டுப் போகிறாரே, அவரும் இந்த ஆஸ்பத்திரி ஆள்தான். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டிருக்கிறதா என்று குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்ப்பவர் சுகாதார ஆய்வாளர். கல்யாணமாகி வந்த பெண் முழுகாமல் இருக்கிறாளா என்று வாசலில் நின்று விசாரிப்பவர் கிராம சுகாதார செவிலியர். ‘இவங்களுக்கு எதுக்கு நம்ம வீட்டுச் சங்கதி’ என்று எங்கள் அத்தை முகம் சுளித்ததுண்டு. அந்தச் செவிலியர் கையில் இருக்கும் கணக்கில் அத்தையின் மருமகளும் ஓர் எண் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

சரி, உள்ளே போவோம்.

காலையில் போனதும் வெளி நோயாளிகள் பதிவு. பெயர், வயது, ஊர் சொன்னால் ஓ.பி. சீட்டு தருவார்கள். காசு கிடையாது. அப்புறம் பி.பி. பார்க்கும் மேசை, அடுத்து டாக்டர், தேவைப்பட்டால் ரத்தம் எடுக்கும் அறை, கடைசியில் மருந்து கவுண்டர். சில இடங்களில் சித்த மருத்துவருக்குத் தனி அறை இருக்கும். வெளி நோயாளிகள் நேரம் எழுதிய பலகை வாசலிலேயே இருக்கும். அதை ஒருமுறை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அறை டாக்டருக்கு முன்பே மூடிவிடும் என்பது நான் இரண்டு முறை திரும்பி வந்து கற்ற பாடம்.

பி.பி. மேசையில் ஒரு சின்ன விஷயம். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து கையை நீட்டினால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, பீடி வேண்டாம். பட்டை சுற்றியிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டாம். எங்கள் ஊரில் இந்தக் கடைசி விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

டாக்டருக்கு முன்னால் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். கூட்டம் அப்படி. அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு நாள் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர்.

“என்னங்கய்யா பண்ணுது?”

“மேலுக்கே முடியலீங்.”

“எங்க வலிக்குது?”

“எல்லாப் பக்கமும் வலிதானுங்.”

“எத்தன நாளா?”

“அது ஆச்சுங், நம்ம அம்மிணி கல்யாணத்துக்கு முன்னாடியே…”

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அந்த மூன்று நிமிடமும் போய்விட்டது. அவர் கிளம்பும்போதுதான், மூன்று நாளாகச் சாயங்காலமானால் குளிர் நடுக்கம் வருகிறது, மூத்திரம் போனால் எரிகிறது என்று சொன்னார். திரும்பவும் உட்கார வைத்தார்கள். நேராகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எப்போது அதிகமாகிறது, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா. பெண்களானால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்பதையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். சில மாத்திரைகள் கர்ப்பத்தில் ஆகாது.

‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக இருக்கிறது. ஊசி போடாத டாக்டரை ‘சும்மா மாத்திரைய எழுதிக் குடுத்துட்டாரு’ என்பார்கள். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அது இருக்கும் நாள் இருந்துவிட்டுத்தான் போகும். பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு இதுதான் வைத்தியம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாத் தொற்றுக்கு மட்டும், வைரஸுக்கு அல்ல. அதைக் கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். இரண்டாம் நாளே சுகமாகிவிட்டது என்று மீதியை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் பேரனுக்குக் கொடுக்கிற வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ரத்தச் சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். வெறும் வயிறு என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம். ‘டீ மட்டுந்தானுங் குடிச்சேன்’ என்று தினமும் ஓரிருவராவது சொல்வார்கள் போல, ஆய்வக நுட்புநர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். நம் ஊர் டீயில் பாலும் சர்க்கரையும் தாராளம். அதைக் குடித்துவிட்டு வந்தால் அன்றைய கணக்கு பாழ். சாப்பிட்ட பிறகு ஒரு முறை எடுப்பார்கள். அதற்குச் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம். ஆகவே டிபனைத் தூக்குப் போசியில் போட்டு எடுத்துக்கொண்டு வருபவர்கள் புத்திசாலிகள்.

இருமலுக்கு ஒரு வார்த்தை. மில்லில் வேலை செய்பவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலும் ‘பஞ்சுத் தூசிதாங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். தூசியாக இருக்கலாம். ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும், அது காசநோயாகவும் இருக்கலாம். பரிசோதனையும் வழக்கமான ஆறு மாத மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு காலத்தில் இந்த நோய்க்கென்றே பெருந்துறையில் சானடோரியம் இருந்தது. இன்று அந்த இடத்தில் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நம் பெரியவர்களுக்குப் பெருந்துறை என்றால் இன்னும் சானடோரியம்தான், அந்தப் பயத்தில்தான் இருமலை மறைக்கிறார்கள்.

மாத்திரை விஷயம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் வீட்டில் நடந்த தப்பு இதில்தான்.

அம்மாவுக்கு முதலில் பி.பி. மாத்திரை எழுதிக் கொடுத்தது தனியார் கிளினிக். பளபளப்பான அட்டை, கம்பெனி வைத்த ஒரு பெயர். இரண்டு மாதம் கழித்து ஊர் ஆஸ்பத்திரிக்கு மாறினோம். பழைய சீட்டை நான் எடுத்துப் போகவில்லை. அங்கே வேறு பெயரில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அம்மா இரண்டையும் சாப்பிட்டார். அது அந்த டாக்டர் கொடுத்தது, இது இந்த டாக்டர் கொடுத்தது, இரண்டும் உடம்புக்கு நல்லதுதானே என்பது அவர் கணக்கு. பத்தாம் நாள் காலையில் வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தபோது கண் இருட்டி, திண்ணைமேல் சாய்ந்துவிட்டார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது.

வீட்டில் இருந்த மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் கொட்டி எடுத்துக்கொண்டு போனோம். மருந்தாளுநர் அந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். பின்பக்கம் சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர்: அம்லோடிபின். “ஒரே மருந்துதாங்க, சட்டைதான் வேற” என்றார். அம்மா ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டிருக்கிறார். பி.பி. கீழே போய்விட்டது. கால் வீக்கமும் அந்த மருந்து கூடினால் வரக்கூடியதுதான்.

மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் சொந்தப் பெயர் சின்னதாக இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் சொந்தப் பெயரில்தான் கொடுப்பார்கள். ‘கவர்மெண்டு மாத்திரையில சத்து இருக்காது’ என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இந்த மருந்துகளை மொத்தமாக வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதை 1994இல் தொடங்கினார்கள். வாங்கும் மருந்தைத் தொகுதி தொகுதியாக ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம் பார்த்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு விடுவது அதன் வழக்கம். அட்டையில் பளபளப்பு இல்லை, அவ்வளவுதான்.

சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. 0-0-1 என்றால் ராத்திரிக்கு மட்டும். எங்கள் மருந்தாளுநர் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காகித உறைமேல் பேனாவால் ஒரு சூரியனோ, பிறையோ வரைந்து கொடுப்பார். சாப்பிட்ட பிறகு என்றால் ஒரு தட்டு. அவர் வரைகிற பிறை கிட்டத்தட்ட வாழைப்பழம் மாதிரி இருக்கும். ஒரு பாட்டி அப்படித்தான் ‘வாழப்பழத்தோட உங்கோணுங்களா கண்ணு’ என்று கேட்டார்.

பனியன் கம்பெனியிலும் மில்லிலும் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் காலையும் ராத்திரியும் மற்றவர்களுடையது மாதிரி இல்லை. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். ‘நான் சாப்பிடறது ராத்திரி பன்னெண்டு மணிக்குங்க’ என்பதைச் சொல்லாமல் விட்டால், வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கி, தறிக்கு முன்னால் வியர்த்து நடுங்கி நிற்க நேரும்.

மாதாமாதம் வாங்கும் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிற ஏற்பாடும் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று பெயர். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டுவது, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பது எல்லாம் அதில் சேர்த்தி. உங்கள் வீட்டுப் பெரியவர் பஸ் ஏற முடியாதவர் என்றால், செவிலியரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

கிழமை பார்த்துப் போங்கள்

தமிழ்நாட்டில் வழக்கமாகப் புதன்கிழமை தடுப்பூசி நாள். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் செவ்வாய். தவிர ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம். செவ்வாய்க்கிழமை சாதாரணத் தலைவலிக்குப் போய், ‘என்ன இவ்ளோ கூட்டம்’ என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும், மூன்று மாதத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். அப்போது 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். ‘பிக்மி நம்பர்’ என்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் இந்த எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு இதைக் கேட்பார்கள். நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். பெண் பல்லடத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பாள், சீர் முடிந்து கோபிக்குக் கூட்டிப் போவார்கள். இரண்டு ஊர், இரண்டு செவிலியர். முதலில் எங்கே பதிந்தார்களோ அந்த எண்ணே கடைசி வரை செல்லும், தாய்வீட்டில் புதிதாக ஒன்று வாங்கக் கூடாது. கிளம்பும்போது புடவை நகையோடு அந்த அட்டையையும் பெட்டியில் வைத்துவிட்டால் அலைச்சல் மிச்சம். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் இதே எண்ணில்தான் வரும். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகம் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 18,000 ரூபாய். அது ஒரே தடவையில் வராது, தவணை தவணையாக, ஒவ்வொரு கட்டப் பரிசோதனையும் தடுப்பூசியும் முடிந்தால்தான் வரும். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

குழந்தைக்குப் பிறந்ததும் போடுவது போக, 6, 10, 14ஆம் வாரங்களில் ஊசி, அப்புறம் 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா, ஒன்றரை வயதுவாக்கில் மறுபடி. லேசான சளி, மூக்கொழுகல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பயந்துகொண்டு போகாமலே இருப்பவர்கள் உண்டு. தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். திட்டு மட்டும் கொஞ்சம் வாங்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் விசைத்தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் வந்திருக்கும் ஒடிசா, பீகார் குடும்பங்களும் புதன்கிழமை குழந்தையோடு வரிசையில் நிற்கிறார்கள். ‘இந்த ஊர் ரேஷன் கார்டு இல்லையே’ என்று யாரும் தடுப்பதில்லை. அந்த 30,000 கணக்கில் அவர்களும் உண்டு.

அவசரத்துக்கு

நாய் கடித்தால் முதல் வைத்தியம் வீட்டுக் குழாயடியில். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துச் செய்தால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. தோலில் போடும் முறையில் ஊசி நாட்கள் 0, 3, 7, 28. இதில் 0 என்பது முதல் ஊசி போட்ட நாள். மூன்று போட்டாயிற்று, நாயும் நன்றாகத்தான் சுற்றுகிறது என்று 28ஆம் நாளை நீங்களாக விட்டுவிடக் கூடாது. ரத்தம் வந்த ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். அது இல்லாத இடமானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், போய்விடுங்கள்.

பாம்புக்கடி நமக்குப் புதிதல்ல. ராத்திரி மூன்று மணிக்குக் கரண்டு வந்தால் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் நாம். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறி விடுவது, மந்திரித்துப் பாடம் போடுகிறவரைத் தேடி ஓடுவது எல்லாமே நேரத்தைத் தின்னும். கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, நடக்க விடாமல், வண்டியில் ஏற்றுங்கள். 108 வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டாவது போகலாம். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். தேடப் போனவரையும் அது கடித்துவிட்டால் இரண்டு பேரைத் தூக்க வேண்டும்.

நெஞ்சு வலி வந்தால் நம் ஆட்கள் முதலில் சொல்வது ‘வாய்வுங்க’. ஒரு கோலி சோடா குடித்து, ஏப்பம் வருகிறதா என்று அரை மணி நேரம் பார்ப்பார்கள். நெஞ்சு இறுக்கிப் பிடித்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி இறங்கி, வியர்த்துக் கொட்டினால் சோடாவைத் தேட வேண்டாம். 108க்கு அடியுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கேயே முதல் மருந்தைக் கொடுத்து அனுப்புவார்கள். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு வகை, கொழுப்புக்கு ஒன்று. ‘ஒரே நேரத்துல பதினாலா’ என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஆனால் அதை நீங்களே வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு விழுங்கக் கூடாது, பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சேலம்–கோவை நெடுஞ்சாலை மாதிரி இடத்தில் பெரிய விபத்து என்றால் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதைவிட 108 சொல்லும் இடத்துக்குப் போவது மேல். விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு.

‘எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க’ என்ற குறையைப் பற்றி. இங்கே முடியாததை மேலே அனுப்புவது இந்த அமைப்பின் வேலையில் பாதி. தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என்று படி ஏறும். நம் பக்கம் கோவை, சேலம், பெருந்துறை, கரூர் என்று மருத்துவக் கல்லூரிகள் உண்டு. 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் திறந்தார்கள். அனுப்பும்போது பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். என்ன பார்த்தார்கள், என்ன மருந்து எந்த நேரத்தில் கொடுத்தார்கள் என்று அதில் இருந்தால் அங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஊர் ஆஸ்பத்திரிக்குத் தேவையில்லை. மேலே போகும்போதுதான் அது பேசும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் வரை. அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும், ஆபரேஷனுக்கு முந்தின நாள் தாலுகா ஆபீசில் நிற்கக் கூடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. டாக்டர் முகாமுக்குப் போய்விட்ட நாளில் செவிலியர் மட்டும் இருப்பார். ஒரு நாள், கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்ணிடம் வெள்ளைப்படுதலைப் பற்றிச் சத்தமாகக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அப்படிக் கேட்கக் கூடாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆண் டாக்டர் பெண்ணைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். என்ன ஊசி, எதற்கு என்று கேட்கலாம். உள்நோயாளியாக இருந்த சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான விதி 2002லிருந்தே இருக்கிறது. தகவலுக்கும் புகாருக்கும் 104க்குப் பேசலாம்.

அம்மாவின் மஞ்சப் பை இப்போது ஆஸ்பத்திரிக்கென்றே தனி. ஓ.பி. சீட்டுகள், பழைய ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், ஒரு மூக்குக்கண்ணாடி, பதினோரு மணிக்குப் பசித்தால் சாப்பிட இரண்டு பிஸ்கட். நேற்று ராத்திரி போன் செய்தார்.

“முட்டி வலி தாங்கலடா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்றனே.”

“நாளைக்குச் செவ்வாக்கெழமங்மா. புள்ளத்தாச்சிக கூட்டமா இருக்கும். வியாழக்கெழம போலாம், நானும் வர்றேன்.”

“செரி. அந்தக் கோலி சோடாக்காரன் கடை வழியாவே போலாம்.”